முன்னிருந்து போவதா, முடிவிலிருந்து வருவதா?

கையில் ஒரு கணக்கோ ஆய்வோ இருக்கிறது. தொடக்கம் தெரியும், வேண்டிய முடிவும் தெரியும், நடுவில்தான் வழி தெரியவில்லை. இப்போது மூன்று விதமாக இறங்கலாம். தெரிந்ததிலிருந்து ஒவ்வொரு படியாக முன்னே போகலாம். முடிவைப் பிடித்துக்கொண்டு, 'இதற்கு முந்தைய படி என்னவாக இருந்திருக்கும்?' என்று கேட்டபடி பின்னே வரலாம். அல்லது இரு பக்கமிருந்தும் கிளம்பி நடுவில் சந்திக்கலாம்.

'தலைகீழாக யோசித்துப் பார்' என்ற அறிவுரைக்கு எப்போதும் ஒரு மவுசு உண்டு. ஆனால் அது எந்த இடத்தில் கைகொடுக்கும், எந்த இடத்தில் காலை வாரிவிடும் என்பதைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. கணிதம், இயற்பியல், வேதியியல், செல் உயிரியல் ஆகிய நான்கிலும் இந்தக் கேள்விக்கு ஆட்கள் பெரிய விலை கொடுத்து விடை கண்டிருக்கிறார்கள். அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், தேர்ந்தெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பது கொஞ்சம் பிடிபடும்.

படிகள் திரும்புமா?

எளிய இடத்திலிருந்து தொடங்குவோம். ஆரியபட்டர் 499-ஐ ஒட்டி எழுதிய ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. பெருக்கியது வகுப்பதாகட்டும், வகுத்தது பெருக்குவதாகட்டும், கூட்டியது கழிப்பதாகட்டும், கழித்தது கூட்டுவதாகட்டும் என்கிறார். ஓர் எண்ணை 3-ஆல் பெருக்கி, 7 கூட்டி, 4-ஆல் வகுத்து, 5 கழித்தால் 2 வருகிறது. அந்த எண் எது? முன்னிருந்து போனால் ஊகித்து ஊகித்துப் பார்க்க வேண்டும், அல்லது சமன்பாடு எழுத வேண்டும். பின்னிருந்து வந்தால் 2-உடன் 5 கூட்டி 7, 4-ஆல் பெருக்கி 28, 7 கழித்து 21, 3-ஆல் வகுத்து 7. முடிந்தது.

இதே கணக்கின் கடைசியில் 'வர்க்கப்படுத்து' என்று ஒரு படியைச் சேர்த்துப் பாருங்கள். இப்போது முடிவு 4. பின்னோக்கி வரும்போது முதல் படியிலேயே பாதை இரண்டாகப் பிரிகிறது: 2 ஆகவும் இருக்கலாம், கழித்தல் 2 ஆகவும் இருக்கலாம். முதல் பாதை 7-க்குக் கொண்டுவிடும். இரண்டாவது பாதையில் 3, 12, 5 என்று வந்து விடை மூன்றில் ஐந்து. இரண்டுமே சரியான விடைகள். வர்க்கம் எடுத்தபோது கூட்டலா கழித்தலா என்ற தகவல் தொலைந்துபோனது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பின்னோக்கி வந்தாலும் தொலைந்ததை மீட்க முடியாது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது இதுதான்: நடுவில் உள்ள படிகளில் எதுவாவது தகவலைத் தின்றுவிடுகிறதா? தின்றிருந்தால், பின்னோக்கு முறையிலிருந்து பல வேட்பாளர்கள் கிடைப்பார்கள் என்று தெரிந்தேதான் இறங்க வேண்டும்.

தகவல் தொலையாமலே பின்னோக்கிப் போவது கொடுமையாகும் இடமும் உண்டு. 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்த எண் பகா எண் அல்ல என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா 1876-இலேயே காட்டிவிட்டார். ஆனால் அதன் காரணிகள் யாருக்கும் தெரியாது. 1903-இல் ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் ஒரு கூட்டத்தில் அவற்றை அறிவித்தார்: 193707721, 761838257287. வாய் திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அவர் உட்கார்ந்ததாக ஒரு கதை உண்டு. கொஞ்சம் மெருகேற்றப்பட்ட கதையாகவும் இருக்கலாம். இரண்டு எண்களையும் பெருக்கித் தாளில் சரிபார்க்க ஒரு மணி நேரம் போதும். விடையிலிருந்து அந்த இரண்டையும் கண்டெடுக்க, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் போயின என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். 1977-இல் வந்த ஆர்எஸ்ஏ மறைகுறியாக்கம் முழுக்க இந்த ஏற்றத்தாழ்வின் மேல்தான் நிற்கிறது. பின்னோக்கி வருவது எல்லா இடத்திலும் எளிதாகிவிட்டால் இணையத்தில் கடவுச்சொல்லுக்கே பொருளில்லை.

எந்தப் பக்கம் கிளைகள் குறைவு?

ஒவ்வொரு படியிலும் 10 வழிகள், மொத்தம் 6 படிகள் என்று வைத்துக்கொள்வோம். முன்னிருந்து மட்டும் போனால் 10 லட்சம் பாதைகள். பின்னிருந்தும் படிக்கு 10 வழிகள்தான் என்றால் அதே 10 லட்சம், லாபமில்லை. இரு பக்கமிருந்தும் மூன்று மூன்று படிகள் நடந்தால் ஆயிரமும் ஆயிரமும் சேர்ந்து 2000 பாதைகள், அவற்றில் பொருந்தும் ஜோடியைத் தேடினால் போதும். மூன்றாவது வழியை நான் பெரிதாக மதிப்பது இந்தக் கணக்கால்தான்.

இதை மிகப் பெரிய அளவில் செய்துகாட்டியவர் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்து ஜோனதன் ஷேஃபர். செக்கர்ஸ் ஆட்டத்தில் ஏறக்குறைய 5-க்குப் பின் 20 பூஜ்யங்கள் அளவுக்கு நிலைகள் வரக்கூடும். 1989-இல் தொடங்கிய அவருடைய குழு, ஆட்டத்தின் முடிவிலிருந்து பின்னோக்கி வந்தது. பலகையில் 10 காய்களோ அதற்குக் குறைவாகவோ உள்ள நிலைகள் அத்தனைக்கும், ஏறத்தாழ 39 லட்சம் கோடிக்கும், யார் ஜெயிப்பார் என்று கணித்துச் சேமித்தார்கள். இன்னொரு பக்கம் தொடக்க நிலையிலிருந்து முன்னோக்கித் தேடினார்கள். இரண்டும் சந்தித்தபோது 2007-இல் விடை வந்தது: இருவரும் தவறே செய்யாமல் ஆடினால் ஆட்டம் சமநிலை. சதுரங்கத்தில் 7 காய்கள் வரைக்கும் பின்னோக்கு அட்டவணை முழுமையாக இருக்கிறது. ஆனால் முன்பக்கத்துத் தேடல் அந்த அட்டவணையைத் தொடும் தூரத்தில்கூட இல்லாததால் சதுரங்கம் இன்னும் தீர்க்கப்படவில்லை.

வேதியியலில் இந்தக் கிளைக் கணக்கு இன்னும் ருசியாக இருக்கும். ட்ரோப்பினோன் என்றொரு மூலக்கூறு. எட்டு கார்பன், ஒரு நைட்ரஜன், நடுவே பாலம் போட்டதுபோல ஒரு வளையம். ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் 1901-இல் இதைத் தயாரித்தார். ஏழு கார்பன் வளையமுள்ள சைக்ளோஹெப்டனோனை எடுத்துக்கொண்டு, அதில் ஒவ்வொன்றாக மாற்றங்களைச் செய்து பத்துப் படிகளுக்கு மேல் நடந்தார். மொத்த விளைச்சல் 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அன்றைய நிலையில் அதுவே சாதனைதான், அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

1917-இல் ராபர்ட் ராபின்சன் மூலக்கூறையே உற்றுப் பார்த்தார். அது சமச்சீரானது. கற்பனையில் தண்ணீர் சேர்த்து அதன் பிணைப்புகளை வெட்டினால் எங்கே உடையும்? நைட்ரஜனின் இரு பக்கமும், கீட்டோன் குழுவை அடுத்துள்ள இரு பக்கமும். அப்படி வெட்டினால் மூன்று சின்னத் துண்டுகள் விழுகின்றன: நான்கு கார்பன் உள்ள சக்சினால்டிஹைடு, ஒரு கார்பன் உள்ள மெத்திலமீன், மூன்று கார்பன் உள்ள அசிட்டோன். நாலும் ஒன்றும் மூன்றும் எட்டு, கணக்கு நேராகிவிட்டது. அசிட்டோனுக்குப் பதிலாக அதைவிடச் சுறுசுறுப்பாக வினைபுரியும் அசிட்டோன்டைகார்பாக்சிலிக் அமிலத்தின் உப்பை எடுத்து, மூன்றையும் தண்ணீரில் ஒரே பாத்திரத்தில் கலந்தார். கூடுதலாக ஒட்டியிருந்த அமிலக் குழுக்கள் பின்னால் கார்பன் டைஆக்சைடாகக் கழன்றுகொண்டன. விளைச்சல் 17 சதவீதம். பிற்பாடு அமிலத்தன்மையைச் சரியாகக் கட்டுப்படுத்தியவர்கள் அதை 90 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனார்கள்.

இந்த யோசனையை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தவர் இ. ஜே. கோரி. 1960-களில், இலக்கிலிருந்து பின்னோக்கி வெட்டிப் பார்க்கும் இந்த முறைக்கு, அதாவது ரெட்ரோசிந்தசிஸுக்கு, விதிமுறைகள் வகுத்தார், 1990-இல் நோபல் பரிசு பெற்றார். இலக்கு மூலக்கூறு சிக்கலானது என்றால் வெட்டத் தோதான இடங்கள் சிலவே இருக்கும். தொடக்கப் பொருள்களோ கடையில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். பின்பக்கம் கிளைகள் குறைவு, ஆகவே பின்னோக்கு முறை ஜெயிக்கிறது. இதில் ஒரு நிபந்தனை உண்டு. தாளில் போடும் ஒவ்வொரு வெட்டுக்கும், முன்னோக்கி நடக்கும் நிஜமான வினை ஒன்று கைவசம் இருக்க வேண்டும். கத்தி தாளில் எங்கே வேண்டுமானாலும் வெட்டும், குடுவையில் ஒட்டவைப்பதுதான் பாடு.

பின்னோக்கிப் பார்ப்பதால் இன்னொரு லாபமும் வருகிறது. 20 படிகளை வரிசையாக நடந்தால், படிக்கு 90 சதவீத விளைச்சல் கிடைத்தாலும் மிஞ்சுவது 12 சதவீதம்தான். மூலக்கூறை நடுவில் வெட்டி, இரண்டு பாதிகளையும் பத்துப் பத்துப் படிகளில் தனித்தனியே செய்து கடைசியில் இணைத்தால், நீளமான பாதை 11 படிகள், விளைச்சல் 31 சதவீதம். எங்கே வெட்டினால் சரிபாதியாகும் என்பது முன்னிருந்து பார்ப்பவருக்குப் பெரும்பாலும் கண்ணில் படாது.

ஆனாலும் வேதியியலில் பின்னோக்கு முறைதான் எப்போதும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். டாக்சால் என்ற புற்றுநோய் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1994-இல் ஹோல்டன் குழுவும் நிக்கோலாவ் குழுவும் அதை அடிமட்டத்திலிருந்து முழுமையாகத் தயாரித்துக் காட்டின. அழகான வேலை, ஆனால் நோயாளிகளுக்கு மருந்து அந்த வழியாக வரவில்லை. யூ மரத்தின் இலைகளில் அதே எலும்புக்கூடு கொண்ட ஒரு பொருள் இருக்கிறது; அதைப் பிரித்தெடுத்து முன்னோக்கிச் சில படிகள் நடந்தால் டாக்சால். இயற்கை முக்கால்வாசி தூரம் கட்டிக்கொடுத்திருக்கும்போது, முடிவிலிருந்து வெட்டிக்கொண்டே அடித்தளம் வரைக்கும் போக வேண்டிய அவசியமில்லை. மேலும், இலக்கே முடிவாகாத நேரத்தில், ஏதோ ஒன்று மருந்தாகுமா என்று நூறு சேர்மங்களைச் சோதிக்கும்போது, பின்னோக்கி வருவதற்கு முடிவு என்று ஒன்றே கிடையாது. அங்கே முன்னோக்கிப் போவதுதான் வழி.

பிழை பெருகுமா?

இயற்பியலில் கிளைகளைவிடப் பெரிய தொல்லை வேறு. நியூட்டனின் விதிகளில் காலத்தைத் திருப்பிப் போட்டாலும் அவை அப்படியே செல்லும். வெப்ப மாற்றங்கள் ஏன் ஒரே திசையில் போகின்றன என்று இதே விதிகளிலிருந்து விளக்க முயன்ற போல்ட்ஸ்மனை, 1876-இல் இன்னொரு இயற்பியலாளர் லோஷ்மிட் இதை வைத்துத்தான் மடக்கினார். சமன்பாடு திரும்பும், சரி. அளந்த எண்களை வைத்துக்கொண்டு நாம் திரும்ப முடியுமா?

ஓர் உலோகக் கம்பி. இரு முனைகளும் ஒரே குளிர்ந்த நிலையில் பிடித்துவைக்கப்பட்டிருக்கின்றன. இப்போதைய சூட்டை அளந்து, சற்று முன்பு அது எப்படி இருந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். கம்பியின் சூட்டை அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம். ஒரே ஒரு மேடுள்ள அகன்ற அலை மெதுவாக ஆறும். பத்து மேடுபள்ளங்கள் உள்ள நெருக்கமான அலை அதைவிட 100 மடங்கு வேகமாக ஆறும், ஏனென்றால் ஆறும் வேகம் மேடுகளின் எண்ணிக்கையினுடைய வர்க்கத்தைப் பொறுத்தது. அகன்ற அலை ஒருமுறை பாதியாகும் நேரத்தில் நெருக்கமானது நூறு முறை பாதியாகிவிடும். அதாவது, 1-க்குப் பின் 30 பூஜ்யங்கள் போட்ட எண்ணைவிடப் பெரிய எண்ணால் வகுபடும். பின்னோக்கி வரும்போது அதே எண்ணால் பெருக்க வேண்டும். வெப்பமானியில் ஒரு டிகிரியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு பிழை இருந்தால்கூட, திரும்பி வந்த விடையில் அது 1-க்குப் பின் 18 பூஜ்யங்கள் அளவு டிகிரியாக வந்து நிற்கும். விடை கிடைக்கும், அதில் உண்மை துளியும் இருக்காது.

ஒரு கணக்கு ஒழுங்காக அமைந்தது என்று சொல்ல, விடை இருக்க வேண்டும், ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், தரவு கொஞ்சம் மாறினால் விடையும் கொஞ்சம்தான் மாற வேண்டும் என்பார்கள். இந்தப் பார்வை 1902-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் அடமார் எழுதியதிலிருந்து வளர்ந்தது. கம்பிக் கணக்கு கடைசி நிபந்தனையில் தோற்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் நேராகப் பின்னோக்கி வருவதைக் கைவிட்டுவிடுவது நல்லது. ஒரு பழைய நிலையை ஊகித்து, அதை முன்னோக்கி ஓட்டி, அளவீட்டோடு ஒப்பிட்டு, ஊகத்தைத் திருத்துவது பாதுகாப்பானது. கூடவே, தேவையில்லாமல் குதிக்கும் விடைகளுக்கு அபராதம் போடும் டிகோனோவ் முறையையும் சேர்த்துக்கொள்வார்கள். நுணுக்கங்கள் போய்விடும், பரவாயில்லை. அவற்றைத் தரவும் சொல்லவில்லை.

சிடி ஸ்கேன், எளிதாகத் திரும்பும் கணக்குகளுக்கும் இந்தக் கம்பிக் கணக்குக்கும் நடுவில் நிற்கிறது. நிழல்களிலிருந்து உடலின் குறுக்குவெட்டைக் கட்டுவது ஒரு பின்னோக்குக் கணக்கு. அதற்கான சூத்திரத்தை யோஹான் ராடன் 1917-லேயே கொடுத்துவிட்டார். இங்கேயும் பிழை பெருகும், ஆனால் மிதமாக. ஆகவே, நிழல்களை வடிகட்டி, வந்த திசையிலேயே திருப்பிப் பரப்பிப் படத்தைக் கட்டும் நேரடி முறை பல வருடங்கள் கோலோச்சியது, அது வேகமானது. ஊகித்து, முன்னோக்கி ஓட்டி, திருத்தும் முறையைத்தான் சிடி ஸ்கேனை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு தன் முதல் கருவியில் பயன்படுத்தினார். பின்னால் அது ஒதுங்கிப்போனது, கணினிகள் வலுவானதும் திரும்பி வந்தது. கதிர்வீச்சைக் குறைத்து எடுத்த படங்களில் இரைச்சல் அதிகம், அங்கே இதற்குத்தான் மதிப்பு. தரவு சுத்தமாகவும் நிறையவும் இருந்தால் நேராகத் திரும்புங்கள். அழுக்காகவும் குறைவாகவும் இருந்தால் முன்னோக்கி ஓட்டி ஒப்பிடுங்கள்.

பிழை இல்லாவிட்டாலும் மாட்டிக்கொள்ளலாம் என்பதற்கு பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியர் ஒருவரே இரண்டு பக்கத்துக்கும் சாட்சி. யுரேனஸ் கணித்த பாதையிலிருந்து விலகியது. விளைவிலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கி வந்து, காணாத ஒரு கோள் இழுக்கிறது என்றும், எங்கே இருக்கும் என்றும் கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் கால்லே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது. 1859-இல் புதனின் பாதையிலும் விலகல். அதே ஆள், அதே முறை: சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் இருக்க வேண்டும். அதற்கு வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று, பார்த்ததாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். அப்படி ஒரு கோளே இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) அளவிலான அந்த மிச்சத்துக்குக் காரணம் ஈர்ப்பு விதியிலேயே இருந்தது; 1915-இல் ஐன்ஸ்டைன் அதை விளக்கினார். பின்னோக்கு முறை, நாம் அனுமதித்த காரணங்களுக்குள் மட்டும்தான் தேடும். பட்டியலில் 'விதியே மாறலாம்' என்ற வரி இல்லையென்றால், கோள் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

பொருளையே திருப்பும்போது

இதுவரை பார்த்ததெல்லாம் நம் யோசனை திரும்பியதைப் பற்றி. செல் உயிரியலில் செல்லையே திருப்புகிறார்கள். முதிர்ந்த குடல் செல்லின் உட்கருவைத் தவளை முட்டைக்குள் வைத்து அதிலிருந்து தலைப்பிரட்டைகளை வளர்க்கலாம் என்று ஜான் கர்டன் 1962-இல் காட்டினார். செல் முதிர்ந்தபோது மரபுத் தகவல் எதுவும் தொலைந்துபோகவில்லை, மூடித்தான் வைக்கப்பட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். மேலே கேட்ட முதல் கேள்விக்கு இங்கே விடை சாதகம்.

2006-இல் கசுதோஷி தகாஹாஷியும் யாமனாகாவும் எலிச் செல்லை முட்டையில்லாமலே திருப்பினார்கள். எந்த மரபணுக்கள் வேண்டும் என்று கண்டுபிடித்த விதமே ஒரு பின்னோக்கு வேலை. 24 மரபணுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. 24-ஐயும் ஒரேயடியாகச் செலுத்தியதும் சில செல்கள் திரும்பின. பிறகு ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். எதை எடுத்தால் வேலை நிற்கிறதோ அது முக்கியம். 24 பத்தாகி, பத்து நான்காகியது: ஆக்ட்3/4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக். பல காரணிகள் சேர்ந்தால்தான் விளைவு வரும் என்ற இடத்தில், கூட்டிப் போவதைவிடக் கழித்து வருவது எவ்வளவு மேல் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது நிஜமான தேர்வு. ஒருவருடைய தோல் செல்லிலிருந்து நரம்பு செல் வேண்டும். ஒரு வழி, தொடக்க நிலைக்கே, அதாவது எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாகத் திருப்பி, அங்கிருந்து முன்னோக்கி நரம்பாக வளர்ப்பது. இன்னொரு வழி குறுக்கே போவது. 2010-இல் வெர்னிக் குழு மூன்று மரபணுக்களால் எலியின் தோல் பகுதி செல்லை நேரடியாக நரம்பு செல்லாக்கியது.

முதல் வழி நீளம், மாதக் கணக்காகும். திரும்பிய செல்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பெருகும் என்பது பெரிய வசதி. அப்படிப் பெருகும் செல் ஒன்றிரண்டு மாறாமல் மிஞ்சினால் கட்டியாகும் என்பது அதே வசதியின் மறுபக்கம். இரண்டாவது வழியில் அந்தப் பயம் குறைவு, நேரமும் குறைவு. ஆனால் நரம்பு செல் பிரிவதில்லை, ஆகவே மாற்றத் தொடங்கிய தோல் செல்களைவிட அதிகமாகக் கிடைக்காது. இன்னொரு வேறுபாடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தொடக்கம் வரை திருப்பினால் செல்லின் வயதுத் தடயங்களும் பெரும்பாலும் அழிந்துவிடும். குறுக்கே போனால் அவை நிற்கும். முதுமையில் வரும் மூளை நோயை ஆராய்பவருக்கு, எண்பது வயதுக்காரரின் செல்லிலிருந்து புத்தம்புதிய நரம்பு கிடைத்து என்ன பயன்? அவர் குறுக்கு வழியைத் தேர்ந்தெடுப்பதே மேல். உடலில் பொருத்தப் பெரிய அளவில் செல் தேவைப்படுபவர் முதல் வழிக்குத்தான் போக வேண்டும்.

அப்படிப் போனவர்கள் ஜப்பானில் இருக்கிறார்கள். 2014-இல் கோபே நகரில் மசாயோ தகாஹாஷியின் குழு, ஒரு நோயாளியின் சொந்தத் தோல் செல்லைத் திருப்பி, விழித்திரை அடுக்காக வளர்த்து அவர் கண்ணில் வைத்தது. இரண்டாவது நோயாளிக்கு அதே வழியில் தயாரித்த செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால் அறுவை நிறுத்தப்பட்டது. 2017-இல் மீண்டும் தொடங்கியபோது, ஒவ்வொருவருக்கும் தனியாகத் திருப்புவதை விட்டுவிட்டு, வேறொருவரிடமிருந்து எடுத்து முன்கூட்டியே தயாரித்துச் சேமித்து வைத்த செல்களைப் பயன்படுத்தினார்கள். நோயாளியின் உடல் அவற்றை ஏற்காமல் போகக்கூடும் என்ற கவலை இதில் கூடுகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகத் திருப்பி, புதிதாகச் சோதிக்கும் செலவும் காலமும் குறைகின்றன.